கோலாலம்பூரில் முதல் ஹார்ட்டெயில்: பார்த்து வாங்கிப் பக்குவமாக ஓட்ட

காட்டுப்பாதையில் ஓட்ட முதன்முதலாக ஒரு ஹார்ட்டெயில் சைக்கிள் வாங்கப் போகிறீர்களா? எத்தனை கியர் என்று கேட்டுக்கொண்டு கடைக்குள் போகாதீர்கள். பிரேம் எது, முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க் எது, பிரேக் எது என்று கேளுங்கள். செயின், கேசட் (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு), டயர், பிரேக் பேட் எல்லாம் தேயும். தேய்ந்ததும் மாற்றத்தான் போகிறோம், அப்போது நல்லதாகப் போட்டுக்கொள்ளலாம். பிரேம் அப்படியில்லை. அதில் எந்த ஆக்ஸில் (சக்கரத்தின் அச்சுத் தண்டு) நுழையும், எந்த ஃபோர்க் பொருந்தும் என்பதெல்லாம் வாங்கும் அன்றே முடிவாகிவிடும். 24 கியர் என்று ஸ்டிக்கர் ஒட்டிய மலிவு சைக்கிளை வாங்கி, ஆறு மாதத்தில் ஃபோர்க் மாற்றப் போனால் பிரேமில் ஏறாது, வீல் மாற்றப் போனால் ஆக்ஸில் சேராது. கடைசியில் இரண்டாவது சைக்கிள் வாங்க நேரும். கிள்ளான் பள்ளத்தாக்கில் புதிதாக ஓட்ட வருகிறவர்கள் பணத்தை அதிகம் தொலைப்பது இந்த இடத்தில்தான்.

ஹார்ட்டெயில் என்றால் முன்னால் மட்டும் அதிர்வு தாங்கும் சஸ்பென்ஷன், பின்பக்கம் கெட்டியான பிரேம். முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ள ஃபுல் சஸ்பென்ஷன் சைக்கிள் இறக்கத்தில் சொகுசுதான். ஆனால் அதன் மூட்டுகளில் வரிசையாக பேரிங்குகள் உண்டு. நம் ஊர் மழையும் செம்மண் சேறும் அவற்றைச் சீக்கிரம் தின்றுவிடும்; பின் ஷாக்குக்கும் தனியாக சர்வீஸ் செலவு வரும். அதே விலைக்கு ஹார்ட்டெயிலில் நல்ல ஃபோர்க்கும் நல்ல பிரேக்கும் கிடைக்கும். கோலாலம்பூரின் புக்கிட் கியாரா மலை போல ஏற்றமும் இறக்கமும் குட்டை குட்டையாக மாறி மாறி வரும் இடத்துக்கு முதல் சைக்கிளாக ஹார்ட்டெயிலே போதும். காலை மடக்கி நீட்டி ஓட்டும் பழக்கத்தையும் அது கட்டாயமாகக் கற்றுக்கொடுக்கும்.

பிரேமில் பார்க்க வேண்டியவை

முதலில் ஹேண்டில்பாருக்குக் கீழே உள்ள குழாயைப் பாருங்கள். மேலே ஒல்லியாகவும் கீழே பருத்தும் இருந்தால் அது டேப்பர்ட் வகை. இன்றைக்கு வரும் நல்ல ஃபோர்க்குகள் பெரும்பாலும் இதற்குத்தான் செய்யப்படுகின்றன. மேலும் கீழும் ஒரே பருமனில் ஒல்லியாக இருந்தால் பின்னாளில் ஃபோர்க் மாற்றுவது பெரும் தலைவலி.

அடுத்தது பின் ஆக்ஸில். நெம்புகோல் போட்டு இறுக்கும் ஒல்லியான குயிக் ரிலீஸ் இருந்தால் பிரேமில் சக்கரம் உட்காரும் இடம் திறந்த பிளவாக இருக்கும். 12 மில்லிமீட்டர் த்ரூ ஆக்ஸில் என்றால் பிரேமில் முழுத் துளை இருக்கும். தண்டு ஒருபுறம் நுழைந்து மறுபுறம் மரையில் ஏறும். பின்னால் 148, முன்னால் 110 மில்லிமீட்டர் அகலம் உள்ள பூஸ்ட் அளவாக இருந்தால் வீலோ ஹப்போ (சக்கரத்தின் நடு உருளை) மாற்றுவது எளிது. 135 அல்லது 141 மில்லிமீட்டர் குயிக் ரிலீஸ் பிரேமும் ஓடும், தப்பில்லை. ஆனால் அதற்கு நல்ல வீல் தேடுவது வர வரக் கடினமாகிறது. ஒரே பெயரில் வரும் சைக்கிளில்கூட 5, 6, 7 என்று எண் மாறும்போது ஆக்ஸிலும் ஃபோர்க்கும் மாறக்கூடும். ஆகவே பெயரை நம்பாமல் ஸ்பெக் பட்டியலை வரி வரியாகப் படியுங்கள்.

அளவு விஷயத்தில் உயரம் மட்டும் கணக்கில்லை. பெடல் மேல் எழுந்து நின்றபடி ஹேண்டில்பாரைப் பிடியுங்கள். முழங்கை சற்று மடங்கி வெளிப்பக்கம் விரிய வேண்டும், முழங்கால் பாரில் இடிக்கக்கூடாது. தரையில் இரு காலையும் ஊன்றி நிற்கும்போது மேல் குழாய்க்கும் உங்களுக்கும் நடுவே குறைந்தது ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். இரண்டு அளவுக்கு நடுவில் இருக்கிறீர்கள் என்றால், காட்டுப்பாதையில் வளைந்து நெளிந்து ஓட்ட ஆசைப்படுகிறவர் சிறியதையும், நீண்ட தூரம் அலுப்பில்லாமல் ஓட்ட நினைப்பவர் பெரியதையும் எடுக்கலாம். 29 அங்குலச் சக்கரம் வேர்களையும் கற்களையும் உருட்டிக்கொண்டு போகும். 27.5 சட்டென்று திரும்பும். பல கம்பெனிகள் சிறிய பிரேமில் தாங்களாகவே 27.5 போட்டுவிடுகின்றன. 160 சென்டிமீட்டருக்குக் குறைவான உயரம் என்றால் அதை விட்டு 29தான் வேண்டும் என்று அடம்பிடிக்க அவசியமில்லை.

ஃபோர்க்கும் பிரேக்கும்

உள்ளே ஸ்பிரிங் போட்ட காயில் ஃபோர்க் மலிவு, கனம். உங்கள் எடைக்கு ஏற்ப அதைச் சரிசெய்ய வழி குறைவு. மேலே ஒரு திருகு இருக்கும், அது ஸ்பிரிங்கைக் கொஞ்சம் முன்கூட்டி அழுத்துமே தவிர, அதன் வலுவை மாற்றாது. காற்று ஃபோர்க்கில் 55 கிலோ ஆளும் 90 கிலோ ஆளும் தங்கள் எடைக்குத் தக்கபடி காற்றடித்துக்கொள்ளலாம்.

அதைவிட முக்கியம் ரீபவுண்ட் திருகு. அமுங்கிய ஃபோர்க் எவ்வளவு வேகத்தில் திரும்பி மேலே வர வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்துவது அதுதான். பெரும்பாலும் ஃபோர்க்கின் வலது காலின் அடியில், ராக்ஷாக்ஸ் என்றால் சிவப்பு நிறத்தில் இருக்கும். ரீபவுண்ட் கட்டுப்பாடு இல்லாத ஃபோர்க் ஒரு வேரில் அமுங்கியதும் துள்ளி எழுந்து முன்சக்கரத்தைப் பாதையிலிருந்து தூக்கி எறியும். கடையில் முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஃபோர்க்கை அழுத்திச் சட்டென்று விட்டுப் பாருங்கள். டக்கென்று மேலே வந்து முட்டும் சத்தம் கேட்டால், அந்த ஃபோர்க் பூங்காவில் ஓட்டத்தான் லாயக்கு. பயண அளவு, அதாவது ஃபோர்க் அமுங்கும் தூரம், 120 மில்லிமீட்டர் இருந்தால் நம் ஊர்ப் பாதைகளுக்குப் போதும். 100ம் ஓடும். 140க்கு மேல் போனால் முன்பக்கம் மட்டும் ஆழமாக அமுங்கி, பின்பக்கம் கெட்டியாக நிற்பதால் சமநிலை குலையும்.

பிரேக் விஷயத்தில் பேரம் வேண்டாம். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் டிஸ்க்தான். கேபிள் இழுக்கும் மெக்கானிக்கல் டிஸ்க்கில் சேறு ஏறி, பிடிக்க முழுக் கையும் தேவைப்படும். ஷிமானோ எம்டி200 மாதிரி அடிப்படை ஹைட்ராலிக்கே ஓரிரு விரலால் நிறுத்தும். முன்னால் 180, பின்னால் 160 மில்லிமீட்டர் ரோட்டர் (பேட் கவ்வும் தட்டு) இருந்தால் கனமான உடம்புக்கும் தாங்கும்.

இன்னொன்றை வாங்கும்போதே கவனியுங்கள்: எந்தக் கை முன்பிரேக்? மோட்டார் ஓட்டிப் பழகியவருக்கு வலது கைதான் முன்பிரேக். சைக்கிளில் அது இடது கையில் இருந்தால், பதற்றத்தில் பின்பிரேக் என்று நினைத்து முன்பிரேக்கை அமுக்கிவிடுவீர்கள். அடுத்த கணம் ஹேண்டில்பாருக்கு மேலே பறக்க வேண்டியதுதான். உங்களுக்குப் பழகிய பக்கத்துக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். ஹைட்ராலிக் குழாயைக் கழற்றி மாற்றிக் காற்றெடுக்க (உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற) வேண்டும் என்பதால் புதிதாக விற்கும்போது செய்து வாங்குவதே நல்லது.

கியர், டயர், விலை

முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் 10, 11 அல்லது 12. இதுவே போதும். முன்னால் இரண்டு மூன்று பல்சக்கரம் இருந்தால் அவற்றை மாற்றும் கருவியில் சேறு அடைத்துக்கொள்ளும். ஏற்றத்தின் நடுவே செயின் கழன்று விழும். பின்னால் பெரிய பல்சக்கரம் 46 அல்லது 51 பல் இருந்தால் ஏற்றம் தாங்கும். 42தான் இருக்கிறது, முன்னால் 32 என்றால், முன்னால் 30 பல் போட்டுக்கொள்ளுங்கள். சின்னச் செலவில் பெரிய வித்தியாசம் தெரியும்.

ஒரு விஷயத்தை மட்டும் கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள். பின்பக்கம் கேசட்டா, மரையில் திருகும் ஃப்ரீவீலா? மலிவான 7 கியர் சைக்கிளில் ஃப்ரீவீல்தான் இருக்கும். அதில் வலப்பக்க பேரிங் ஹப்பின் உள்ளே தள்ளி உட்காருவதால் ஆக்ஸிலின் கோடி தாங்கலின்றி நிற்கும். வேர்மேல் நாலு முறை இடித்தால் வளையும், பிறகு முறியும். அந்த வகை சைக்கிளைக் காட்டுக்குள் கொண்டுபோகவே கூடாது.

ஷிமானோவின் 10-51 பல் 12 கியர் கேசட்டுக்கு மைக்ரோ ஸ்ப்லைன் என்ற தனி ஹப் உடல் தேவை. 11-51 பல் 11 கியர் பழைய ஹப்பிலேயே ஏறும். பின்னாளில் 12க்குப் போகலாம் என்று திட்டமிட்டால் ஹப்பையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

டயர் அகலம் 2.25 முதல் 2.4 அங்குலம். ரிம்மிலும் டயரிலும் டியூப்லெஸ் ரெடி என்று இருந்தால் டியூபை எடுத்துவிட்டு, துளையை அடைக்கும் சீலன்ட் திரவத்தை ஊற்றலாம். செம்பனை மட்டை முள்ளும் தொட்டாச்சிணுங்கி முள்ளும் இருக்கிற ஊரில் இது வசதி மட்டுமல்ல, நிம்மதி.

விலையைப் பொதுவாகச் சொன்னால், 1,500 வெள்ளிக்கு (ரிங்கிட்) கீழே காட்டில் ஓட்டத் தகுந்த புது ஹார்ட்டெயில் கிடைப்பது அரிது. 2,500 முதல் 4,000 வெள்ளிக்குள் காற்று ஃபோர்க், ஹைட்ராலிக் பிரேக், முன்னால் ஒரே பல்சக்கரம் மூன்றும் ஒருசேரக் கிடைக்கும். பெட்டாலிங் ஜெயா, கோலாலம்பூர் கடைகளில் போலிகன், ஜயண்ட், மெரிடா, டிரெக், மரின் என்று பலதும் பார்க்கலாம். டெக்கத்லானில் ராக்ரைடர் இருக்கிறது. இரண்டு மூன்று கடை ஏறி இறங்குங்கள். சைக்கிளுக்கு வெளியே இன்னும் 500 வெள்ளியாவது ஒதுக்கி வையுங்கள்: பின்தலையை மூடும் ஹெல்மெட், முழங்கால் பேட், கையுறை, நல்ல பெடல், பம்ப். சைக்கிளோடு வரும் பிளாஸ்டிக் பெடல் மழையில் வழுக்கும். முள் வைத்த தட்டைப் பெடல் போட்டு, தட்டையான அடிப்பாகம் உள்ள ஷூ அணியுங்கள்.

ஷோப்பி, லசாடாவில் பெட்டியில் வரும் சைக்கிள் மலிவாகத் தெரியும். அதை இணைப்பது யார்? ஃபோர்க்கைப் பின்முன்னாக மாட்டி ஓட்டுகிறவர்களைப் பூங்காக்களில் இன்றும் பார்க்கலாம். டிஸ்க் காலிப்பர் (பிரேக் பேட் இருக்கும் பகுதி) முன்சக்கரத்தின் இடப்பக்கம், ஃபோர்க் காலுக்குப் பின்னால் இருக்க வேண்டும். அது வலப்பக்கம் முன்னே தெரிந்தால் ஃபோர்க் திரும்பியிருக்கிறது. அப்படியே ஓட்டினால் சைக்கிள் நேராகப் போகாது. பழைய சைக்கிள் வாங்குகிறவர்கள் பிரேமின் பற்றவைப்பு இடங்களில், குறிப்பாகக் கீழ்க்குழாய் முன்பக்கம் சேரும் இடத்தில், தலைமுடி மாதிரி விரிசல் இருக்கிறதா என்று துணியால் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். பெயின்ட் விரிந்த கோட்டின் ஓரத்தில் துருவோ கறுப்போ படிந்திருந்தால் வேண்டாம்.

கடையை விட்டுக் கிளம்புமுன்

முன்பிரேக்கைப் பிடித்து, ஹேண்டில்பாரைப் பக்கவாட்டில் திருப்பி, சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். டொக்டொக் என்று ஒரு தளர்வு கையில் உணர்ந்தால் ஹெட்செட் (ஹேண்டில்பார் திரும்பும் இடத்து பேரிங்) லூஸ். பிரேக் லீவரைப் பத்து வினாடி அழுத்திப் பிடியுங்கள். மெல்ல மெல்ல ஹேண்டில்பாரை நோக்கி இறங்கினால் குழாயில் காற்றோ கசிவோ இருக்கிறது. சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிவிட்டு ரோட்டர் உரசுகிறதா, ரிம் ஆடுகிறதா என்று பாருங்கள். ஸ்போக் கம்பிகளை ஒன்றொன்றாகச் சுண்டினால் ஒரே பக்கக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். ஒன்று மட்டும் சொத்தென்று கேட்டால் அது தளர்ந்திருக்கிறது. பிரேமின் சீரியல் எண் பெரும்பாலும் கிராங்க் (பெடல் மாட்டும் தண்டு) அடியில் இருக்கும். அதைப் படம் எடுத்து ரசீதோடு வைத்துக்கொள்ளுங்கள். திருட்டுப் போனால் போலீசில் கொடுக்க அதுதான் ஆதாரம்.

இடது பெடல் தலைகீழ் மரை என்பதையும் மறக்காதீர்கள். வலம்சுற்றித் திருகி நுழைத்தால் கிராங்கின் அலுமினிய மரையே போய்விடும். இரண்டு பெடலும் சைக்கிளின் முன்பக்கம் நோக்கித் திருகினால் இறுகும் என்று நினைவில் வைத்தால் குழப்பம் வராது.

வீட்டில் ஒரு மாலை

முதல் ஓட்டத்துக்கு முன் ஒரு மாலை நேரத்தைச் சைக்கிளுக்கே கொடுங்கள். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலின் அடி நிலையில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். ஏறுவதற்கு அந்த உயரம். இறங்கும்போது சீட்டைக் குறைந்தது ஐந்து சென்டிமீட்டர் இறக்குங்கள். டிராப்பர் சீட்போஸ்ட் இருந்தால் ஓட்டியபடியே இறக்கலாம். இல்லையென்றால் இறங்கி நின்று கிளாம்பைத் தளர்த்திக் கொள்ளுங்கள். பிறகு காசு சேர்ந்ததும் முதலில் வாங்க வேண்டிய பொருள் அந்த டிராப்பர்தான்.

ஃபோர்க்கில் காற்றடிக்க ஷாக் பம்ப் வேண்டும். டயர் பம்பில் அந்தச் சின்ன அளவைத் துல்லியமாக வைக்க முடியாது. ஹெல்மெட், தண்ணீர்ப் பை எல்லாம் போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி பெடல்மேல் நின்று, ஃபோர்க் காலில் உள்ள ரப்பர் வளையத்தைக் கீழே தள்ளிவிட்டு, ஆடாமல் இறங்குங்கள். வளையம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளக்க வேண்டும். 120 மில்லிமீட்டர் ஃபோர்க்கில் 24 முதல் 30 வரை இருந்தால் சரி. அதிகம் என்றால் காற்று கூட்டுங்கள், குறைவு என்றால் விடுங்கள். ரீபவுண்டை நடு நிலையில் தொடங்கி, அமுக்கி விட்டதும் சக்கரம் தரையை விட்டு எம்பாத அளவுக்கு வையுங்கள்.

டயர் காற்றில் பலரும் தவறுகிறார்கள். பெட்ரோல் பங்கில் காருக்கு அடிக்கிற மாதிரி அடித்துக் கல்லாக்கினால் ஈர வேரில் டயருக்குப் பிடியே கிடைக்காது. 70 கிலோ எடையுள்ளவர், 2.35 அங்குல டயர் என்றால்:

- டியூப் உள்ளது: முன்னால் 24-26, பின்னால் 28-30 பிஎஸ்ஐ
- டியூப்லெஸ்: முன்னால் 20-22, பின்னால் 24-25 பிஎஸ்ஐ

பத்து கிலோ கூடினாலோ குறைந்தாலோ ஒன்றிரண்டு பிஎஸ்ஐ மாற்றினால் போதும். ஹார்ட்டெயிலில் அடி முழுதும் பின்சக்கரத்துக்குத்தான் விழும். அதனால் பின்னால் எப்போதும் கொஞ்சம் கூடுதல். பஞ்சரான டியூபில் அடுத்தடுத்து இரண்டு துளை தெரிந்தால் முள் குத்தவில்லை. காற்று குறைவாக இருந்து ரிம்முக்கும் வேருக்கும் நடுவே டியூப் நசுங்கியிருக்கிறது.

பிரேக் லீவர்களைச் சுமார் 30 பாகை கீழ்நோக்கித் திருப்பி, ஆள்காட்டி விரல் லீவரின் கோடியில் படும்படி உள்ளே தள்ளுங்கள். ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம்மின் போல்ட்டை 5 அல்லது 6 நியூட்டன் மீட்டருக்கு மேல் இறுக்க வேண்டாம். ஸ்டெம்மிலேயே அளவு அச்சடித்திருக்கும். பெடலுக்கு 35 முதல் 40. ரோட்டரின் டி25 திருகுகளும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று ஒருமுறை பாருங்கள்.

புது பிரேக் பேட் உடனே பிடிக்காது. ஆள் நடமாட்டமில்லாத தெருவில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்துக்கு வந்து, நடை வேகம் வரை மெல்ல அழுத்தி, முழுதாக நிற்காமல் விடுங்கள். ஒவ்வொரு பிரேக்கிலும் இருபது தடவை. பேடின் மெல்லிய படலம் ரோட்டரில் சீராகப் படிந்த பிறகுதான் பிரேக்குக்கு உண்மையான வலு வரும். இதைச் செய்யாமல் நேரே மலைக்குப் போனால் பேட் மேல்புறம் கருகி, பிறகு எப்போதும் கீச்சிட்டுக்கொண்டே இருக்கும்.

திடலில் பழகி, பிறகு காட்டுக்கு

தாமான் திடலில் புல்லின் மேல் பழகுங்கள். இரண்டு பெடலும் தரைக்கு இணையாக, சீட்டை விட்டு எழுந்து, குதிகால் சற்றுத் தாழ, முழங்கை விரிய, கண் பத்து மீட்டர் தள்ளி. காட்டுக்குள் மிதிக்காத நேரமெல்லாம் இந்த நிலைதான். உடம்பின் கனம் கையில் இருக்கக்கூடாது, பாதத்தில் இருக்க வேண்டும். இறக்கத்தில் பின்னால் தள்ளி உட்கார் என்று சொல்வார்கள். அதை அளவுக்கு மீறிச் செய்தால் முன்சக்கரத்தில் கனமே இல்லாமல் போய் வளைவில் வழுக்கும். பின்னால் போவதைவிடக் கீழே தாழ்வதுதான் வேண்டும். இந்த நிலையில் மெதுவாக ஓட்டிக்கொண்டே முன்பிரேக்கை ஒரு விரலால் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பழகுங்கள். நிறுத்தும் வலுவில் பெரும்பங்கு முன்பிரேக்கில்தான். முன்பிரேக்கைத் தொடவே பயப்படுகிறவர் பின்சக்கரத்தைப் பூட்டி இழுத்துக்கொண்டு போவார், பாதையையும் கீறுவார்.

பிறகு காடு. புத்ராஜெயா சேலஞ்ச் பார்க்கில் சைக்கிளுக்கென்றே அமைத்த பாதைகள் உண்டு. தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலை ஒட்டிய புக்கிட் கியாராவில் பாதைகளை வெட்டிப் பராமரிப்பவர்கள் தன்னார்வலர்கள். அந்த மலை ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். நம் குடும்பங்கள் பால் வெட்டிய நிலம் அது. இன்றும் பழைய ரப்பர் மரங்களின் வேர்கள் பாதையில் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. கெப்போங்கில் உள்ள வன ஆய்வுக் கழகக் காடு 2025ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே போகிறவர்கள் சைக்கிளுக்கு எந்தப் பாதை திறந்திருக்கிறது என்பதை வாசலிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டு, அதில் மட்டும் ஓட்டுங்கள். அட்டை இருக்கும். பிரம்புக் கொடியின் முள் முகத்தில் கிழிக்கும், ஆகவே நிறமில்லாத கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

கோலாலம்பூரில் பொழுது விடிவது காலை ஏழு மணி வாக்கில். வெளிச்சம் வந்ததும் கிளம்பிப் பத்து மணிக்குள் திரும்பிவிடுங்கள். மதியத்துக்குப் பிறகு இடிமழை. முதல் இடி கேட்டதுமே மலையை விட்டு இறங்கிவிட வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கொண்டுபோங்கள். கூடவே உப்புச்சத்துக்கு ஒரு 100 பிளஸ் பானம். தலைவலியும் குமட்டலும் வந்தால் அலுப்பு என்று நினைத்து மிதிக்காதீர்கள், நிழலில் உட்காருங்கள். தனியே போவதானால் எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

காரின் பின்னால் ராக் மாட்டிச் சைக்கிள் ஏற்றுகிறவர்கள் நம்பர் பிளேட் மறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மறைந்தால் சம்மன்.

ஈர வேர்

புதிதாக ஓட்டுகிறவர்களை இங்கே அதிகம் கீழே தள்ளுவது செங்குத்தான இறக்கமல்ல, ஈர வேர். ரப்பர் மர வேரைக் குனிந்து பாருங்கள்: டயர் ஏறி ஏறி மேல்பட்டை உரிந்து வழவழப்பாகியிருக்கும், அதன்மேல் செம்மண் குழம்பு மெல்லிய பூச்சாக ஒட்டியிருக்கும். பாதைக்கு நேர்க்குறுக்காகக் கிடக்கும் வேர் பிரச்சினை இல்லை. டயர் அதன்மேல் ஏறி இறங்கிவிடும். பாதையோடு சாய்ந்து ஓடுகிற வேர்தான் ஆபத்து. டயர் அதில் ஏறாமல் அதன் ஓரமாகவே சறுக்கிப் போகும். முன்சக்கரம் ஒருபக்கம், நீங்கள் ஒருபக்கம்.

ஆகவே வேரைக் கண்டதும் அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து முடித்துவிடுங்கள். வேரின்மேல் சக்கரம் இருக்கும்போது பிரேக்கில் விரல் படவே கூடாது. ஹேண்டில்பாரும் திரும்பக்கூடாது, சைக்கிளும் சாயக்கூடாது. முடிந்தவரை வேரைக் குறுக்காக வெட்டும் கோணத்தில் வாருங்கள். தொடும் நேரத்தில் கையைத் தளர்த்தி முன்சக்கரத்தின் கனத்தைக் குறைத்து, உடனே முழங்காலை மடக்கிப் பின்சக்கரத்தைத் தானாக எழும்ப விடுங்கள். ஹார்ட்டெயிலில் பின் சஸ்பென்ஷன் என்பது உங்கள் முழங்கால்தான். அதை விறைப்பாக வைத்தால் வேர் உங்களை முன்னால் உதைத்துத் தள்ளும்.

ஏற்றத்தில் இதே வேர் வேறு விதமாகப் படுத்தும். ஓங்கி ஒரு மிதி மிதித்தால் பின்சக்கரம் வேரிலேயே சுழன்று நின்றுவிடும். ஏற்றம் தொடங்குமுன்பே இலேசான கியருக்கு வந்துவிடுங்கள். அழுத்தி மிதித்தபடி கியர் மாற்றினால் செயின் முறியும், பின் கியர் மாற்றியும் வளையும். சீட்டின் முன்முனையில் உட்கார்ந்து, நெஞ்சைத் தாழ்த்தி, முழங்கையை இறக்கி, சீராகச் சுற்றுங்கள். முன்சக்கரம் எம்பினால் இன்னும் முன்னால் வாருங்கள். பின்சக்கரம் சுழன்றால் கொஞ்சம் பின்னால் போங்கள்.

கனமழை பெய்த மறுநாள் காலை களிமண் பாதையில் ஓட்டாமல் விடுவது நல்லது. ஈரத்தில் ஒரு சக்கரம் போட்ட தடம் வாய்க்காலாகி அடுத்த மழையில் பாதையையே அரித்துவிடும். அதைத் தோண்டிச் சரிசெய்கிறவர்கள் சொந்த நேரத்தைச் செலவழிக்கிறவர்கள். ஏறி வருகிறவருக்கு வழிவிடுங்கள். நடப்பவர்களுக்குத் தூரத்திலேயே மணியடித்து, வேகம் குறைத்துக் கடந்து போங்கள். கியாரா பக்கம் குதிரைகளும் வரும். குதிரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாக நின்று, சாதாரணக் குரலில் ஒரு வார்த்தை பேசுங்கள். மனிதர் என்று தெரிந்தால் அது மிரளாது.

திரும்பி வந்ததும்

கார் கழுவும் ஸ்னோ வாஷ் கடையில் கொடுத்து ஜெட் தண்ணீர் அடிக்காதீர்கள். அந்த அழுத்தம் ஹப், ஹெட்செட், கிராங்க் பேரிங் எல்லாவற்றின் சீலையும் தாண்டித் தண்ணீரை உள்ளே தள்ளிவிடும்; கிரீஸ் கரைந்து ஒரு மாதத்தில் கரகரக்கும். வீட்டுத் தோட்டக் குழாயில் மெல்ல ஊற்றி, பிரஷ்ஷால் தேய்த்து, உடனே துடையுங்கள். ஃபோர்க்கின் பளபளப்பான கால்களை மென்மையான துணியால் துடைத்துச் சேற்றை எடுத்துவிடுங்கள். அந்தச் சேறுதான் சீலைத் தேய்க்கும்.

நம் ஊர் ஈரக்காற்றில் ஒரு ராத்திரியிலேயே செயினில் துரு பூக்கும். காய்ந்த பிறகு, ஈரத்தில் ஓட்டுவதற்கான வெட் லூப் எண்ணெயைச் செயினின் ஒவ்வொரு உருளையிலும் ஒரு சொட்டு விட்டு, பின்னோக்கி மிதித்துச் சுற்றி, மேலே வழிவதை முழுவதும் துடைத்துவிடுங்கள். எண்ணெய் உள்ளே இருந்தால் போதும். வெளியே இருந்தால் மண் ஒட்டும். டபிள்யூடி-40 ஸ்பிரேயைச் செயினுக்குப் போடும் எண்ணெயாக நினைக்க வேண்டாம். அது ரோட்டரில் பட்டால் பிரேக்கே போய்விடும். பட்டுவிட்டால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் ரோட்டரைத் துடைத்து, பேடை மாற்றுங்கள். சக்கரத்தைக் கழற்றி வைத்திருக்கும்போது பிரேக் லீவரை அழுத்தாதீர்கள்; இரண்டு பேடும் ஒட்டிக்கொள்ளும், ரோட்டர் நுழையாது. அப்படி ஆகிவிட்டால் பிளாஸ்டிக் டயர் லீவரால் மெதுவாகப் பிரித்து விடலாம்.

நாலைந்து ஓட்டத்துக்குப் பிறகு கியர் தட்டுத் தடுமாறும். பயப்பட வேண்டாம், புதுக் கேபிளும் அதன் உறையும் படிந்து உட்காருவதால் வரும் தளர்வு அது. பெரிய பல்சக்கரத்துக்கு ஏறத் தயங்கினால் கேபிள் நுழையும் இடத்தில் உள்ள திருகுக் குமிழை இடம்சுற்றாகக் கால் சுற்று திருப்பிப் பாருங்கள். அந்த வாரமே கடைக்குக் கொண்டுபோய் ஸ்போக், ஹெட்செட், போல்ட் எல்லாவற்றையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். புதிய ஸ்போக் முதல் மாதத்தில் தளர்வது வழக்கம், அப்போது இறுக்காமல் விட்டால் பிறகு ஒவ்வொன்றாக முறியும். முதல் சர்வீஸை இலவசமாகச் செய்து தரும் கடைகள் உண்டு, வாங்கும்போதே கேட்டு வையுங்கள்.

டியூப்லெஸ் போட்டிருந்தால் சீலன்ட் இந்த வெப்பத்தில் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும். 29 அங்குல டயர் ஒன்றுக்குச் சுமார் 100 மில்லிலிட்டர் கணக்கு. வால்வின் உட்பகுதியைக் கழற்றி மெல்லிய குச்சியை விட்டுப் பாருங்கள், நனையாவிட்டால் ஊற்றுங்கள். செயின் அளவுகோல் ஒன்று வாங்கி வைத்து, 11, 12 கியர் செயின் 0.5 சதவீதத் தேய்மானம் காட்டியதும், 10 கியர் செயின் 0.75 காட்டியதும் மாற்றிவிடுங்கள். செயினை மிச்சம்பிடித்தால் கேசட்டையும் சேர்த்து மாற்ற வேண்டி வரும்.

பிரேக் பேடில் தேயும் பகுதி அரை மில்லிமீட்டர்தான் மிச்சம் என்றால் உடனே புதியது போடுங்கள். மழையில் செம்மண் சேறு பட்டால் ரெசின் (பிசின் கலந்த) பேட் வேகமாகக் கரையும். அதனால் பலர் உலோகப் பேடுக்கு மாற நினைப்பார்கள். முதலில் ரோட்டரைப் படியுங்கள். ‘ரெசின் பேட் ஒன்லி’ என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தால் அந்த மென்மையான எஃகு உலோகப் பேடைத் தாங்காது, குழி விழும். ரோட்டரையும் சேர்த்து மாற்றினால்தான் சரிவரும். காற்றெடுக்கும்போது ஷிமானோவுக்கு மினரல் எண்ணெய் மட்டுமே. டாட் (DOT) என்ற வேறு வகை பிரேக் திரவத்தை அதில் ஊற்றினால் உள்ளே உள்ள ரப்பர் சீல் எல்லாம் ஊதிக் கெட்டுவிடும். பிரேக்கையே புதிதாக வாங்க வேண்டியிருக்கும்.